டர்ன்பைக் கட்டணம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? பென்சில்வேனியாத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் போதும், பென்சில்வேனியாவில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸாப் குழுக்களில், மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் சுங்கச் சாலையான டர்ன்பைக்கைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். "டர்ன்பைக்ல மறுபடியும் ஏத்திட்டாங்களா?" என்று ஒருவர் கேட்பார். "ரோடு அப்படியேதானே இருக்கு, பணமெல்லாம் எங்க போகுது?" என்பார் இன்னொருவர். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் நண்பர்கள் பல வருடங்களாகக் கேட்டவற்றைத் திரட்டி இங்கே எழுதுகிறேன். நான் ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகில் வசிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் இந்தச் சாலையில் போகிறேன், மீதி இரண்டு நாள் ரயிலில். இந்த இரண்டின் கணக்கும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

இது மாநில அரசின் சாலைதானே?

மாநிலத்தின் சாலைதான். ஆனால் மாநிலப் போக்குவரத்துத் துறை அதை நடத்துவதில்லை. பென்சில்வேனியா டர்ன்பைக் ஆணையம் என்ற தனி அமைப்பின் கையில் இருக்கிறது. 1940 அக்டோபர் 1 அன்று, மேற்கே இர்வினிலிருந்து கார்லைல் வரை 160 மைலுக்கு இதைத் திறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு ரயில் பாதைக்காக மலைகளைக் குடைய ஆரம்பித்து, பாதியில் கைவிட்டிருந்தார்கள். அந்தச் சுரங்கங்களை எடுத்து முடித்துத்தான் இந்தச் சாலையைப் போட்டார்கள். அன்று முழு தூரத்துக்கும் ஒன்றரை டாலர், அதாவது மைலுக்கு ஏறக்குறைய ஒரு சென்ட்.

இன்று ஒஹாயோ எல்லையிலிருந்து நியூ ஜெர்சி எல்லை வரை பிரதான சாலை சுமார் 360 மைல். ஸ்க்ராண்டன் பக்கம் வடக்கே போகும் கிளை தனி. ஆணையத்தின் பெரும்பகுதி வருமானம் நாம் கட்டும் சுங்கம்தான். அதை வைத்துத்தான் சாலையைப் பராமரிக்க வேண்டும், பனியை அள்ள வேண்டும், கடன் பத்திரங்களுக்கு வட்டியும் முதலும் கட்ட வேண்டும்.

சரி, ஒவ்வொரு வருடமும் ஏற்றும் அளவுக்குச் சாலைக்கு என்ன செலவு?

சாலைக்கும் செலவு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எண்பது வருடத்துக்கு மேல் பழைய சாலை, இரண்டு வழித்தடங்களை மூன்றாக்கும் வேலை பல இடங்களில் இன்னும் நடக்கிறது. ஆனால் வருடா வருடம் ஏற்றுவதற்குப் பெரிய காரணம் அது இல்லை. காரணம், 2007ஆம் ஆண்டில் வந்த சட்டம் 44.

அந்த வருடம் மாநிலத்தின் பாலங்களும் பேருந்து, ரயில் சேவைகளும் பணமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தன. பெட்ரோல் வரியை ஏற்ற யாருக்கும் துணிவில்லை. ஆளுநராக இருந்த எட் ரெண்டல் டர்ன்பைக்கைத் தனியாருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம் என்ற யோசனையோடு இருந்தார், சட்டமன்றம் அதற்கு இசையவில்லை. கடைசியில் வந்த ஏற்பாடு இதுதான்: டர்ன்பைக் ஆணையம் ஒவ்வொரு வருடமும் மாநிலப் போக்குவரத்துத் துறைக்குப் பணம் கொடுக்க வேண்டும். முதல் வருடம் 75 கோடி டாலர், அடுத்து 85 கோடி, அதற்கடுத்து 90 கோடி. மாநிலத்தின் மற்றச் சாலைகள், பாலங்கள், நகரப் பேருந்துகள், ரயில்கள் எல்லாவற்றுக்கும் இதிலிருந்து பங்கு.

ஆணையத்திடம் அவ்வளவு பணம் கிடையாது. அதனால் கடன் பத்திரம் வெளியிட்டு, கடன் வாங்கி, அந்தப் பணத்தை மாநிலத்துக்குக் கொடுத்தது. கடனுக்கு ஈடு, நாளைக்கு நாம் கட்டப்போகும் சுங்கம். இதைத்தான் நான் ஏற்க முடியாத விஷயமாகப் பார்க்கிறேன். சுங்கத்தை ஏற்றிப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்தார்கள் என்பதைவிட, இன்னும் பத்து, இருபது, முப்பது வருடத்துக்குப் பின் ஓட்டப்போகிறவர்களின் சுங்கத்தை இன்றைக்கே அடகு வைத்துச் செலவழித்தார்கள் என்பதுதான் பிரச்சினை. அப்படி எடுத்த பணம் பெரும்பாலும் புதுச் சாலையாகவோ பாலமாகவோ நிற்கவில்லை. 2010ஆம் வருடம் ஓடிய பேருந்துக்கு அந்த வருடமே டீசலாகவும் சம்பளமாகவும் போன பணத்துக்கும் நாம் இன்று வட்டி கட்டுகிறோம்.

80ஆம் எண் நெடுஞ்சாலையிலும் சுங்கம் வரப்போகிறது என்று ஒரு காலத்தில் பேசினார்களே, அது என்ன ஆனது?

அதுவும் இதே சட்டத்தின் பாகம்தான். அவ்வளவு பெரிய தொகையை டர்ன்பைக் மட்டும் தாங்காது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். வடக்கே மாநிலத்தைக் குறுக்காகக் கடக்கும் 80ஆம் எண் இன்டர்ஸ்டேட், சுமார் 311 மைல், கட்டணமில்லாத சாலை. அதையும் சுங்கச் சாலையாக்கி இரண்டிலிருந்தும் வசூலித்தால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அதற்கு மத்திய அரசின் அனுமதி தேவை.

2010 ஏப்ரலில் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் மறுத்துவிட்டது. பென்சில்வேனியா விண்ணப்பித்திருந்த மத்தியத் திட்டத்தின்படி, அந்தச் சாலையில் வசூலிக்கும் சுங்கம் அந்தச் சாலைக்கே செலவாக வேண்டும். மாநிலம் முழுக்கப் பங்கு போட அதில் இடமில்லை. வடக்கு மாவட்ட மக்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அனுமதி கிடைக்காததால் கொடுக்க வேண்டிய தொகை வருடத்துக்கு 45 கோடி டாலராகக் குறைந்தது, ஆனால் அதைக் கொடுக்கும் பொறுப்பு முழுவதும் டர்ன்பைக் ஓட்டுநர்கள் தலையில் வந்து விழுந்தது. இரண்டு மாடு இழுக்க வேண்டிய வண்டியை ஒரே மாட்டின் மேல் பூட்டியது போல. அன்றைக்கே சட்டத்தைத் திரும்ப எடுத்துத் திருத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை.

2022-லேயே அந்தப் பணம் கொடுப்பது நின்றுவிட்டது என்றார்கள். அப்புறம் ஏன் கட்டணம் குறையவில்லை?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான், கோபத்தோடு.

2013-ல், ஆளுநர் டாம் கார்பெட் காலத்தில், சட்டம் 89 வந்தது. அதன்படி 2022 ஜூலையிலிருந்து 45 கோடி டாலர் வெறும் 5 கோடியாகக் குறைந்தது. அந்த 5 கோடி 2057 வரை தொடரும். மீதியை ஈடுகட்ட மாநிலத்தின் வாகன விற்பனை வரியிலிருந்து எடுத்துக் கொடுக்க ஏற்பாடானது. ஆக, பெரிய தொகை நின்றது உண்மைதான். ஆனால் அதற்குள் கொடுத்து முடித்தது கிட்டத்தட்ட 800 கோடி டாலர்.

அண்ணன் குடும்பச் செலவுக்குத் தம்பி தன் பெயரில் கடன் வாங்கி வாங்கிக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருடம் கழித்து அண்ணன், "போதும்பா, இனிமேல் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நல்லது. ஆனால் தம்பி பெயரில் நிற்கும் கடன் போய்விடுமா? டர்ன்பைக்கின் நிலைமை அதுதான். ஆணையத்தின் மொத்தக் கடன் 1,300 கோடி டாலருக்கு மேல். வருடத்துக்கு வரும் சுங்கத்தில் சுமார் பாதி கடனைக் கட்டவே போகிறது, அதில் ஒரு பெரிய பங்கு மாநிலத்துக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன். நீங்கள் இரண்டு டாலர் கட்டினால் ஏறக்குறைய ஒரு டாலர் கடனுக்கு, அதில் ஒரு பெரிய பங்கு நீங்கள் ஓட்டும் சாலைக்குச் சம்பந்தமில்லாத பழைய கணக்குக்கு.

இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது? இன்னும் எவ்வளவு ஏறும்?

2009 ஜனவரியில் ஒரே அடியாக 25 சதவீதம் ஏற்றினார்கள். அதிலிருந்து வருடம் தவறாமல் ஏதோ ஒரு உயர்வு. 2016 முதல் 2021 வரை ஆறு வருடமும் தலா 6 சதவீதம். 2022, 2023, 2024 மூன்று வருடமும் 5 சதவீதம். 2025-ல் 4 சதவீதம்.

தனித்தனியாகப் பார்த்தால் சின்ன எண்கள். சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள்: 2015-ல் நூறு டாலர் கட்டியவர் 2021-ல் 142 டாலர் கட்டுகிறார். 2024-ல் 164. 2025-ல் 171. பத்து வருடத்தில் உங்கள் சம்பளம் இப்படி ஏறியதா என்று நான் கேட்கமாட்டேன், நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்வீர்கள்.

இனி ஏற்றம் மெதுவாகும். ஆணையத்தின் நீண்டகாலத் திட்டப்படி 2028 முதல் வருடத்துக்கு 3 சதவீதம் என்று 2050 வரை போகும். மெதுவாகும், நிற்காது.

வேறு காரியத்துக்குச் செலவழிக்கச் சுங்கம் வசூலிப்பது சட்டப்படி சரியா? யாரும் வழக்குப் போடவில்லையா?

போட்டார்கள். 2018-ல் லாரி உரிமையாளர்–ஓட்டுநர்களின் தேசியச் சங்கமும் வாகன ஓட்டிகளின் சங்கம் ஒன்றும் சேர்ந்து மத்திய நீதிமன்றத்துக்குப் போயின. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு இது தடை, ஊர் விட்டு ஊர் போகும் உரிமைக்கும் இடைஞ்சல் என்பது அவர்கள் வாதம். 2019-ல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்தது.

நீதிமன்றம் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். 1991-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய போக்குவரத்துச் சட்டம், சுங்கச் சாலையின் உபரிப் பணத்தை வேறு போக்குவரத்துப் பணிகளுக்குச் செலவிட மாநிலங்களுக்கு வழி விட்டிருக்கிறது. காங்கிரஸ் அனுமதித்த பிறகு நாங்கள் தடுக்க முடியாது என்றார்கள். நியூயார்க்கிலும் இதே போல ஒரு வழக்கு நடந்தது. அங்கே த்ரூவே என்ற சுங்கச் சாலையின் வசூலிலிருந்து ஈரி கால்வாய் உள்ளிட்ட பழைய கால்வாய்களைப் பராமரித்தார்கள். முதலில் ஜெயித்த லாரிக்காரர்கள், 2018-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். காரணம் அதே 1991 சட்டம்.

ஆக, சட்டப்படி சரி. நியாயப்படி சரியா என்பது வேறு கேள்வி. நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை.

பேருந்துக்கும் ரயிலுக்கும் பணம் கொடுத்ததைத்தான் தப்பு என்கிறீர்களா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

விடியற்காலை ஐந்தரை மணி ரயிலில் நான் ஏறும்போது, என் பெட்டியில் பாதிப் பேர் மருத்துவமனைச் சீருடையில் இருப்பார்கள். இரவு வேலை முடித்து வருகிறவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவார்கள், பகல் வேலைக்குப் போகிறவர்கள் கையில் காபியோடு நிற்பார்கள். அவர்களில் பலருக்குக் கார் கிடையாது. அந்த ரயில் இல்லையென்றால் அவர்களுக்கு வேலை இல்லை, மருத்துவமனையில் ஆளும் இல்லை. அவர்கள் எல்லோரும் காரில் ஏறினால் நாம் ஓட்டும் சாலையிலும் இடம் இருக்காது. பொதுப் போக்குவரத்துக்குப் பணம் தர வேண்டும், நிறையவே தர வேண்டும்.

ஆனால் அதை யார் தர வேண்டும்? பொதுப் போக்குவரத்தால் மாநிலம் முழுக்கப் பயனடைகிறது. அதன் செலவை, ஏதோ ஒரு சாலையில் போக நேர்ந்தவர்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? பிட்ஸ்பர்க்கில் பேருந்து ஓட, ஆலென்டவுனிலிருந்து வேலைக்குப் போகிறவர் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும்? அவர் பக்கத்து வீட்டுக்காரர் டர்ன்பைக்கைத் தொடுவதே இல்லை என்பதால் ஒரு காசும் கட்டுவதில்லை. பொதுச் செலவைப் பொது வரியில் வாங்கும் துணிவு இல்லாமல், யார் கண்ணிலும் படாத ஓர் ஆணையத்தின் வழியாக வாங்கினார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் "நான் வரியை ஏற்றினேன்" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வழி ரயில் பயணிகளையும் காப்பாற்றவில்லை என்பதுதான் வேதனை. 2025 ஆகஸ்டில், ஃபிலடெல்ஃபியாவின் பேருந்து, ரயில்களை நடத்தும் செப்டா பணப் பற்றாக்குறையால் 32 பேருந்து வழித்தடங்களை நிறுத்தியது. புதுப் பணிகளுக்கென்று வைத்திருந்த நிதியை அன்றாட ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்ள மாநிலம் அனுமதித்த பிறகு சில வாரங்களில் அவை திரும்பின. கட்டணம் 21.5 சதவீதம் ஏறியது. பதினைந்து வருடம் டர்ன்பைக்கை அடகு வைத்தும், நிலையான நிதி ஏற்பாடு ஒன்று மட்டும் உருவாகவே இல்லை.

லாரிகள்தானே அதிகம் கட்டுகின்றன? நமக்கு என்ன?

வண்டியின் உயரமும் அச்சுகளும் கூடக் கூடச் சுங்கம் பல மடங்காகிறது, உண்மைதான். ஆனால் லாரிக்காரர் கட்டுவது சரக்குக் கூலியில் ஏறி, நாம் வாங்கும் பொருளின் விலையில் வந்து சேரும்.

இன்னொன்றும் உண்டு. சுங்கம் ஏற ஏற, சிலர் டர்ன்பைக்கை விட்டுவிட்டு 30ஆம் எண் சாலை போன்ற பழைய வழிகளில் இறங்குகிறார்கள். அந்தச் சாலைகள் ஊர்களின் நடுவே போகின்றன: பள்ளிக்கூடம், சிக்னல், வீட்டு வாசல். நாற்பது டன் லாரி போக வேண்டிய இடம் அது இல்லை.

இதற்குப் பதில் பெட்ரோல் வரியை ஏற்றியிருக்கலாமே?

2013-ல் ஏற்றவும் செய்தார்கள். சட்டம் 89 வந்த பிறகு பென்சில்வேனியாவின் பெட்ரோல் வரி நாட்டிலேயே உயர்ந்தவற்றில் ஒன்றானது. 2025-ல் கேலனுக்கு 57.6 சென்ட். மத்திய அரசின் வரியோ 1993-லிருந்து அதே 18.4 சென்ட்தான். முப்பது வருட விலைவாசி உயர்வில் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. மாநிலங்கள் எல்லாம் சுங்கத்தின் பக்கம் திரும்புவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அப்புறம் கார்களின் மைலேஜ் கூடிவிட்டது. மின்சார கார் பெட்ரோலே போடுவதில்லை. அதனால் பென்சில்வேனியா 2025-ல் மின்சார கார்களுக்கு வருடத்துக்கு 200 டாலர் சாலைக் கட்டணம் வைத்தது. ஆரெகன் மாநிலம், 1919-லேயே நாட்டின் முதல் பெட்ரோல் வரியைக் கொண்டு வந்த மாநிலம், 2015-ல் ஓட்டும் மைலுக்குக் கட்டணம் என்ற திட்டத்தை, விரும்புகிறவர்கள் சேரலாம் என்ற அளவில் தொடங்கியது. என் பார்வையில் போக வேண்டிய திசை அதுதான். எந்தச் சாலையில் ஓட்டினாலும் ஓட்டிய தூரத்துக்குக் கட்டுவது, ஒரே ஒரு சாலைக்காரரைப் பிடித்து எல்லோருக்குமாகக் கட்ட வைப்பதைவிட நியாயமானது.

பக்கத்து மாநிலங்களில் எப்படி?

நியூ ஜெர்சியில் 2020 செப்டம்பரில் டர்ன்பைக் கட்டணத்தை 36 சதவீதமும், கார்டன் ஸ்டேட் பார்க்வே கட்டணத்தை 27 சதவீதமும் ஒரே நாளில் ஏற்றினார்கள். அதன் பிறகு வருடத்துக்கு 3 சதவீதம் வரை ஏற்றலாம் என்ற விதியும் வந்தது. அங்கேயும் சுங்கப் பணத்தில் ஒரு பங்கு, மாநிலத்தின் பேருந்து, ரயில்களை நடத்தும் நியூ ஜெர்சி ட்ரான்ஸிட்டுக்குப் போகிறது. 2008-ல் ஆளுநர் ஜான் கோர்சைன் நான்கு வருடத்துக்கு ஒருமுறை 50 சதவீதம் ஏற்றி மாநிலக் கடனை அடைக்கலாம் என்று ஊர் ஊராகப் போய் விளக்கினார். மக்கள் ஒரேயடியாக எதிர்த்ததால் கைவிட்டார். வெளிப்படையாகச் சொன்னதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும்.

மாசசூசெட்ஸில், பாஸ்டன் நகரத்துக்கு அடியில் தோண்டிய பிக் டிக் சுரங்கச் சாலையின் கடனில் ஒரு பகுதியை மாஸ் பைக் சுங்கத்தில் ஏற்றினார்கள். சுரங்கத்தை வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறவர்கள் சும்மா பயன்படுத்த, மேற்கிலிருந்து வருகிறவர்கள் கட்டினார்கள். 2009-ல் இன்னொரு பெரிய சுங்க உயர்வு வர இருந்தபோது, மாநிலம் விற்பனை வரியை 5-லிருந்து 6.25 சதவீதமாக்கி அதிலிருந்து ஈடுகட்டியது. கசப்பான முடிவுதான், ஆனால் பாரம் எல்லோர் மேலும் பரவியது.

நியூயார்க்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே கார் நுழைந்தால், நெரிசல் நேரத்தில் 9 டாலர். பணம் ரயில், பேருந்துப் பணிகளுக்கு. இங்கேயும் கார்க்காரர் கட்டி ரயில்காரர் பயன்பெறுகிறார், இதை மட்டும் ஏன் ஏற்கிறாய் என்று என் நண்பர் ஒருவர் மடக்கினார். காரணம் இருக்கிறது. அங்கே சுங்கம் கட்டுகிறவருக்கு, அதே இடத்துக்குப் போக ரயில் உண்டு. நெரிசல் குறைவதன் பலனும் அவருக்கே கிடைக்கிறது. கடன் வாங்கினாலும் அந்தக் கடன் ரயில் பாதையாகவும் லிஃப்டாகவும் கண் முன்னால் நிற்கும். பென்சில்வேனியா மலைகளின் நடுவே டர்ன்பைக்கில் போகிறவருக்கு எந்த ரயில் இருக்கிறது?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், டோல்கேட்டே இல்லையே என்று ஆச்சரியப்படுகிறார்கள். பணம் எப்படிப் பிடிக்கிறார்கள்?

என் அப்பாவும் முதல் தடவை, "ஏம்பா, டோல்கேட்ல நிக்காமயே போறியே, போலீஸ் பிடிக்க மாட்டானா?" என்று பதறினார். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ரொக்கம் வாங்குவதை நிறுத்தினார்கள். அதையே பிறகு நிரந்தரமாக்கிவிட்டார்கள். இப்போது கண்ணாடியில் ஒட்டிய ஈசிபாஸ் கருவியை மேலே இருக்கும் உணர்கருவி படித்துக்கொள்ளும். கருவி இல்லையென்றால் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து, வண்டி உரிமையாளர் வீட்டுக்குத் தபாலில் பில் வரும்.

இங்கேதான் கவனம் தேவை. பிளேட் பில்லில் வரும் கட்டணம் ஈசிபாஸ் கட்டணத்தைப் போலச் சுமார் இரண்டு மடங்கு இருக்கும். வருடத்துக்கு நாலு தடவை போனாலும் ஈசிபாஸ் வாங்கிவிடுங்கள், நியூ ஜெர்சி, நியூயார்க், மேரிலாந்து என்று பல மாநிலங்களில் அதுவே செல்லும். உறவினருக்கு வாடகைக் கார் எடுத்துக் கொடுத்தால், வாடகை நிறுவனம் சுங்கத்துக்கு மேல் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்க்கும். சொந்த ஈசிபாஸில் அந்த நம்பரைத் தற்காலிகமாகப் பதிவு செய்துவிட்டு, வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் மறக்காமல் நீக்குங்கள். நீக்கவில்லையென்றால் அடுத்து எடுத்துப் போகிறவரின் சுங்கமும் உங்கள் கணக்கில் ஏறும்.

கட்டாமல் விட்டால்?

நான்கு பில்லோ 250 டாலரோ பாக்கியானால் பென்சில்வேனியா வண்டிப் பதிவையே நிறுத்தி வைக்கலாம். 2022-ல் சட்டத்தை இப்படி இறுக்கினார்கள். காரணம் உண்டு: 2021 மே மாதத்தோடு முடிந்த ஒரே வருடத்தில் 10 கோடி டாலருக்கு மேல் சுங்கம் வசூலாகாமல் போனது. அவர்கள் கட்டாததும் சேர்ந்துதான் ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில் விழுகிறது.

"டோல் பாக்கி இருக்கிறது, உடனே கட்டுங்கள்" என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தால்?

அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். 2024 ஏப்ரலில் எஃப்.பி.ஐ-யே எச்சரித்த மோசடி இது. சந்தேகம் இருந்தால் நீங்களாக ஆணையத்தின் தளத்துக்குப் போய்க் கணக்கைப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கட்டண உயர்வை யார் முடிவு செய்கிறார்கள்? நாம் எதிர்ப்புச் சொல்ல இடம் உண்டா?

ஐந்து ஆணையர்கள். நால்வரை ஆளுநர் நியமித்து மாநில செனட் ஒப்புதல் தருகிறது, ஐந்தாமவர் போக்குவரத்துத் துறைச் செயலர். பெரும்பாலும் கோடையில் ஓட்டெடுப்பு, ஜனவரி முதல் வாரத்தில் அமல். கடன் பத்திரத்தில் கொடுத்த வாக்கு இருப்பதால் அவர்களால் பெரிதாகக் குறைக்க முடியாது. நாம் எழுதிக் கேட்க வேண்டியது நம் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடமும் செனட்டரிடமும்தான். கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்டால் பதில் வராது. பழைய கடனின் ஒரு பங்கை மாநிலப் பொது நிதி ஏற்குமா, செப்டாவுக்கு நிலையான நிதி எப்போது என்று குறிப்பாகக் கேளுங்கள். இந்தியப் பிரஜையாக விசாவில் இருப்பவர்களும் எழுதலாம். அந்தத் தொகுதியில் வசித்து வரி கட்டுகிறோம், அது போதும்.

கடன் அடைந்தால் என்றைக்காவது சுங்கம் நின்றுவிடுமா?

நின்ற இடங்கள் உண்டு. டெக்ஸஸில் டாலஸ்–ஃபோர்ட் வொர்த் டர்ன்பைக், கடன் அடைந்ததும் 1977 கடைசியில் இலவசச் சாலையானது. கென்டக்கி தன் பார்க்வே சாலைகளில் ஒவ்வொன்றாகச் சுங்கத்தை எடுத்து, 2006-ல் கடைசி இரண்டையும் திறந்துவிட்டது. அங்கெல்லாம் சாலைக்கு வாங்கிய கடன் சாலையோடு முடிந்தது.

1940-ல் பென்சில்வேனியாவிலும் அதே எண்ணத்தில்தான் தொடங்கினார்கள். ஆனால் சாலையை நீட்டப் புதுக் கடன், அகலப்படுத்தப் புதுக் கடன், கடைசியில் மாநிலத்துக்குக் கொடுக்கப் புதுக் கடன். இன்று இங்கே யாரும் அப்படி ஒரு தேதியைச் சொல்வதில்லை. சட்டம் 44 வந்த 2007-ல் பிறந்த குழந்தைக்கு, அந்த 5 கோடி டாலர் கொடுப்பது முடியும் 2057-ல் ஐம்பது வயது.

டர்ன்பைக் ஓரத்தில் இருக்கும் பிரீஸ்வுட் என்ற சிற்றூர் வழியாகப் போயிருக்கிறீர்களா? 70ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் மேரிலாந்திலிருந்து வேகமாக வருவீர்கள். டர்ன்பைக்கில் ஏறப் போகும் நேரத்தில் நெடுஞ்சாலை சட்டென்று முடிந்துவிடும். பெட்ரோல் பங்க், மோட்டல், வறுத்த கோழிக் கடைகள் என்று விளம்பரப் பலகைகள் வானத்தை மறைக்கும் ஒரு குட்டித் தெருவில், சிவப்பு விளக்கில் நிற்பீர்கள். அதைத் தாண்டினால்தான் டர்ன்பைக். 1956-ன் மத்திய நெடுஞ்சாலைச் சட்டப்படி, இன்டர்ஸ்டேட்டையும் சுங்கச் சாலையையும் மத்திய அரசுப் பணத்தில் நேராக இணைக்க வேண்டுமானால், கடன் அடைந்ததும் சுங்கத்தை நிறுத்துவோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநருக்குக் கட்டணமில்லாத பாதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நிறுத்துவோம் என்று எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அதனால்தான் அந்த விளக்கில் இன்றும் நிற்கிறோம்.